குடம் சுமப்பவர் வரையும் வரைபடம்

நேயர்களுக்கு என் வணக்கம். ஓர் ஊராட்சிக்குக் குடிநீர்த் திட்டம் தீட்டும்போது, மேல்நிலைத் தொட்டி எங்கே நிற்கிறது, குழாய் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதெல்லாம் பொறியாளரின் வரைபடத்தில் இருக்கும். கடைசித் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வந்து சேர்கிறது, எத்தனை குடம் நிரம்புவதற்குள் நின்றுவிடுகிறது, சித்திரை வைகாசியில் எந்த அடிபம்பு உப்புக் கரிக்கிறது என்பவை அதில் இரா. அவற்றை அறிந்தவர்கள் குடம் சுமக்கும் பெண்கள். அவர்களும் சேர்ந்து வரையாத வரைபடத்தை வைத்துத் திட்டம் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், ஊரக வீடுகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் என்று இலக்கு வைத்தது. கிராமச் செயல்திட்டத்தை மக்களே பங்கேற்று வகுக்க வேண்டும், கிராம சபை அதற்கு ஒப்புதல் தர வேண்டும், குடிநீர் மற்றும் துப்புரவுக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று அதன் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. எழுதி முடித்த திட்டத்தில் கையெழுத்து மட்டும் வாங்குவது பங்கேற்பு ஆகாது.

வரைவதற்குத் தாளும் பேனாவும் முதலில் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் அங்கேயே ஒதுங்கிவிடுவார். தரையில் கோலமாவால் தெருக்களைப் போட்டு, வீடுகளுக்குக் கற்களையும் கிணறுகளுக்கு வேப்பிலையையும் வைத்து, நாளொன்றுக்குக் கிடைக்கும் குடத்துக்கு ஒன்றாகப் புளியங்கொட்டைகளை அடுக்கச் சொன்னால், தொட்டியை ஒட்டிய தெருவில் கொட்டைகள் குவிவதும், குழாயின் கடைசியில் இரண்டு மூன்றோடு நிற்பதும் எல்லார் கண்ணிலும் படும். கூடும் இடத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். காலனி மக்கள் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய பள்ளி மைதானம் போன்ற இடமே தகும். இல்லையென்றால் அவர்களுடைய குடியிருப்பு வரைபடத்தின் ஓரத்தில் ஒரு கோடாக நின்றுவிடும். ஆண்களும் பெண்களும் தனித்தனியே வரைந்து பிறகு ஒப்பிடுவது இன்னும் நல்லது. இருட்டியபின் ஒதுங்கப் போகும் பாதையையும், கட்டியும் பயன்படாமல் விறகு அடுக்கிய கழிப்பறையையும் பெண்கள் வரைந்ததில்தான் காண முடியும்.

கழிப்பறைக் குழிகளையும் கிணறுகளையும் ஒரே தரையில் குறிக்கும்போது, எந்தக் குழி எந்தக் கிணற்றை நெருங்கியிருக்கிறது என்பது தெரிந்து, எந்த நீரை முதலில் பரிசோதிக்க வேண்டும் என்ற முடிவும் அங்கேயே கிடைக்கிறது.

இராமநாதபுரம் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. காவிரிக் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் குழாய் வந்த பிறகும் ஊரணியைக் கைவிட முடியாத ஊர்கள் அங்கே உண்டு. அத்தகைய ஊரில் ஊரணியை ஒரு வட்டமாகப் போட்டுவிட்டு நகர்ந்தால் போதாது. மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது, எங்கே மண்மேடிட்டது, எங்கே ஆக்கிரமிக்கப்பட்டது, அதன் கரையில் எங்கே திறந்தவெளியில் மலம் கழிக்கிறார்கள் என்பதை முதியவர்களோடு நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும். ஊரணி நிறைவதும் கெடுவதும் அந்த வரத்துக்காலைப் பொறுத்தது.

தரைப்படத்தை அன்றே இளைஞர்கள் பெரிய தாளில் படியெடுத்து, வரைந்தவர்களிடமே காட்டிச் சரிபார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கிராம சபை கூடுகிறது. அதற்கு முன் பிப்ரவரியில் வரைந்தால் சபையில் வைத்துப் பேசலாம். ஆனால் அப்போது நீர் ஓரளவு இருக்கும் என்பதால், மே மாதத்தில் அதே பெண்களைக் கூட்டி வற்றியவற்றையும் உப்பானவற்றையும் மறுபடி குறித்துக்கொள்ளுங்கள்.