கல்லறையைத் தாண்டிய பழவேற்காடு

நேயர்களுக்கு வணக்கம். சென்னைக்கு வடக்கே 60 கிலோமீட்டருக்குள் இருக்கிற பழவேற்காட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பழவேற்காடு என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது டச்சுக்காரர் கல்லறைதான். வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல், அதன் முன்னால் ஒரு செல்ஃபி, அப்புறம் ஏரிக்கரையில் இறால் வறுவல், ஊர் பார்த்தாகிவிட்டது என்று பொன்னேரிக்குத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் மனக்குறை உண்டு. டச்சுக்காரர்கள் வந்து இறங்கியபோதே அது கப்பல் வந்துபோகிற ஊர், அவர்கள் கட்டிய கோட்டை இடிந்து புதர் மண்டிப் போன பிறகும் ஊர் இருக்கிறது. அப்படியிருக்க, அந்த ஊரின் கதையை இறந்துபோன வெள்ளைக்காரர்களை வைத்து மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

முதலில் அந்தத் துறைமுகம் எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். துறைமுகம் என்றால் இன்றைக்கு நாம் நினைக்கிற கான்கிரீட் சுவர், கிரேன் எதுவும் அங்கே எந்தக் காலத்திலும் கிடையாது. மேற்கே ஏரி, கிழக்கே வங்கக்கடல், இரண்டுக்கும் நடுவில் நீளமான மணல்திட்டு, அந்த மணலை உடைத்துக்கொண்டு ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரம், இவ்வளவுதான். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது, ஆனால் ஆழம் கிடையாது, பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம். ஆகவே பெரிய கப்பல் வெளியே கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை ஏற்றி இறக்குவதெல்லாம் உள்ளூர்ப் படகுகள்தான். சலங்கு என்கிற இந்தக் கரையின் படகைப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டுவார்கள், ஆணி அடித்த படகு அலையில் மணல்மேட்டில் மோதினால் விரிசல் விட்டுவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். துணிமூட்டை நனையாமல் அந்த அலையைத் தாண்டுவது சாதாரண வித்தை இல்லை. எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் இந்தப் படகோட்டிகள் மனசு வைத்தால்தான் வியாபாரம். ஐப்பசி, கார்த்திகைப் புயல் காலத்தில் கப்பல்கள் கரைப்பக்கமே நிற்காது.

விஜயநகர அரசுக்கு இது முக்கியமான துறை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துகீசியர்கள் வந்துவிட்டார்கள், மகிமை மாதா கோயில் அவர்கள் காலத்தில் தொடங்கியதுதான். அதற்கும் முன்பே அரபு நாட்டிலிருந்து வந்தவர்களின் வழி என்று சொல்லிக்கொள்கிற முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் இங்கே உண்டு. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழைப் படிக்கத் தெரிந்தவர்கள் சமீப காலம் வரை அந்தத் தெருக்களில் இருந்தார்கள். சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க வைத்த சூரியக் கடிகாரத்தைப் போனால் அவசியம் பாருங்கள்.

சரி, டச்சுக்காரர்கள். 1610-ல் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரோடு ஒப்பந்தம் போட்டுக் கிடங்கு வைத்தார்கள். 1612-ல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர்கள் வந்து அதை அடித்து நொறுக்கினார்கள். 1613-ல் கெல்டிரியா கோட்டை எழுந்தது, கிட்டத்தட்ட 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுவே அவர்களுக்குத் தலைமையிடம். அவர்களுக்கு என்ன வேண்டும்? இந்தோனேசியத் தீவுகளின் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய். அந்தத் தீவுக்காரர்கள் அவற்றுக்கு ஈடாக விரும்பிக் கேட்டது நம் கரையோரத்துத் துணி. அதனால் துணி வாங்க இங்கே, அதைக் கொடுத்து மசாலா வாங்க அங்கே, மசாலாவை விற்க ஐரோப்பா என்று ஒரு சுற்று. துணி பழவேற்காட்டிலேயே நெய்தது மட்டுமில்லை, சுற்றுவட்டார ஊர்களிலிருந்து தலைச்சுமையாகவும் மாட்டின் மேலும் வந்து சேர்ந்தது. சாயவேரிலிருந்து எடுத்த அந்தச் சிவப்பு துவைக்கத் துவைக்க மங்காது என்பதால்தான் அதற்கு அவ்வளவு கிராக்கி.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்கு நெசவாளியைத் தெரியாது, பாஷையும் தெரியாது. நடுவில் செட்டியார்கள் இருந்தார்கள். கம்பெனி முன்பணத்தை அவர்களிடம் கொடுக்கும், அவர்கள் ஊர் ஊராக நெசவாளிகளுக்குப் பிரித்துக் கொடுத்துத் துணியை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அச்சுதப்பச் செட்டி என்றொருவர், அவர் தம்பி சின்னண்ணா, இரண்டு பேரும் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் தொடங்கி, சொந்தக் கப்பலே விட்டு, அரசியலிலும் புகுந்து விளையாடியவர்கள். சும்மா கணக்குப்பிள்ளை வேலை என்று நினைக்காதீர்கள், இவர்களைப் பகைத்துக்கொண்டால் கம்பெனிக்கு ஒரு முழம் துணி கிடைக்காது. நெசவாளி பக்கம் கதையே வேறு, முன்பணம் வாங்கியவர் கடன்காரர், பஞ்சம் வந்து பஞ்சு விலையும் அரிசி விலையும் ஏறினால் பேசிய விலைக்குக் கொடுக்க முடியாமல் திண்டாடுவார்.

பஞ்சம் என்றதும் சொல்லியாக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, இதைச் சுற்றுலாப் பலகையில் எழுத மாட்டார்கள். இந்தத் துறையிலிருந்து துணி மட்டும் போகவில்லை, மனிதர்களும் போனார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் சண்டையும் வந்த ஆண்டுகளில் சோற்றுக்கு வழியில்லாமல் பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள், தரகர்கள் ஆட்களைப் பிடித்து வந்தார்கள், டச்சுக் கம்பெனி அவர்களை அடிமைகளாக வாங்கி, இன்றைய ஜகார்த்தாவான பட்டேவியாவுக்கு ஆயிரக்கணக்கில் ஏற்றி அனுப்பியது. அதே கோட்டையில் வெடிமருந்தும் தயாரானது, நாணயமும் அச்சடிக்கப்பட்டது. கல்லறையில் படுத்திருப்பவர்களுக்குப் பேரும் பட்டமும் கல்லில் வெட்டியிருக்கிறது. கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கு அந்த ஊரில் ஒரு கல்கூட இல்லை. அந்த வாசலில் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் மீது எனக்குக் கோபமில்லை, யாரும் இதைச் சொல்லித் தரவில்லை என்பதுதான் வருத்தம்.

இன்னொரு சுவாரசியம், சென்னைக்கும் இதற்கும் இருக்கிற தொடர்பு. ஆங்கிலேயர்கள் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களோடு சேர்ந்து வியாபாரம் செய்து பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. 1626-ல் ஏரியின் வடகோடிப் பக்கம் ஆர்மகானில், அதாவது துர்கராஜபட்டினத்தில், தனிக்கடை போட்டார்கள். அங்கேயும் நல்ல துணி சரியாகக் கிடைக்காமல் அவர்களின் அதிகாரி பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடிப் போய் 1639-ல் பிடித்ததுதான் மதராஸ். அப்போது பழவேற்காட்டுக் கோட்டைக்கு வயது 26, மதராஸ் வெறும் மணல்வெளி.

அப்புறம் தலைகீழாகிவிட்டது. டச்சுக்காரர்கள் தலைமையிடத்தை 1690 வாக்கில் நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1781-ல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைப் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், 1795-ல் மறுபடி எடுத்தார்கள், 1818-ல் மறுபடி கொடுத்தார்கள், கடைசியாக 1825-ல் அது ஒரேயடியாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இடையிலேயே கோட்டையை இடித்துப் போட்டிருந்ததால் 1818-ல் டச்சுக்காரர்களுக்குக் கிடைத்தது வெறும் செங்கல் மேடு.

ஆனால் ஊர் படுத்துவிடவில்லை. பக்கிங்ஹாம் கால்வாய் ஏரி வழியாக ஓடியது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகும், ஏரியில் வாரிய கிளிஞ்சலும் படகில் சென்னைக்குப் போயின, அந்தக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு எத்தனையோ பழைய வீட்டுச் சுவர்களில் இருக்கிறது. பழவேற்காட்டுக் கைலி மலாய் நாட்டுக்குக் கப்பலேறியது, அங்கே இன்றும் ஆண்கள் கட்டுகிற கட்டம்போட்ட கைலிக்குப் பெலிகாட் என்றுதான் பேர். பின்னால் ரயிலும் லாரியும் கால்வாயை விழுங்கின. ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளமானது, இப்போது ராக்கெட் விடுகிற நாளில் மீனவர்கள் அந்தப் பக்கம் கடலுக்குப் போக முடியாது.

இன்றைக்கு அங்கே நடப்பது மீன், இறால், நண்டு வியாபாரம். எந்த ஊர்க்காரர் எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிற 'பாடு' வழக்கம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, சண்டையும் சமாதானமும் அதை வைத்துத்தான். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடல்நீர் உள்ளே வராது, மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வராது, படகும் வெளியே போகாது. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளி என்று ஆழமான பெரிய துறைமுகங்கள் வந்துவிட்டன. காட்டுப்பள்ளியை இன்னும் பெரிதாக்கினால் கரை அரித்து ஏரியே போய்விடும் என்று பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து வருகிறார்கள். மணல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தலைமுறையாகப் பார்த்துப் படகு விடுகிறவர்கள் சொல்வதை நான் லேசில் தள்ளிவிட மாட்டேன்.

நேயர்கள் போவதாக இருந்தால் விடிகாலையில் போங்கள், கரையில் மீன் ஏலம் நடக்கும்போது. செம்புராங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில் சுவரில் விரல் அளவுக்கு ராமாயணக் காட்சிகள் செதுக்கியிருக்கிறார்கள், குனிந்து பார்க்க வேண்டும். பனை ஓலைப் பெட்டி முடைகிற பெண்களிடம் பேரம் பேசாமல் ஒன்று வாங்குங்கள். கல்லறையையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.