காக்காவைத் தாத்தா என்கிற பிள்ளைக்கு நாக்கை அறுக்க வேண்டுமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என் மனதிலேயே நிற்கிறது. மூன்றரை வயதுப் பையனின் அம்மா அனுப்பியிருக்கிறார். படித்துவிடுகிறேன். "பையன் நிறையப் பேசுகிறான். ஆனால் வீட்டில் இருக்கும் எங்களைத் தவிர வேறு யாருக்கும் புரிவதில்லை. கண்ணு என்பதைத் தண்ணு என்கிறான். என் அப்பா கொல்லையில் காக்காவுக்குச் சோறு வைக்கும்போது 'தாத்தா, தாத்தா' என்று கத்துகிறான், அவரைக் கூப்பிடுகிறானா காக்காவைக் கூப்பிடுகிறானா என்றே தெரியவில்லை. நாக்கு ஒட்டியிருக்கிறது, அறுத்துவிட்டால் பேச்சு தெளிந்துவிடும் என்கிறார்கள். அறுக்கலாமா?"

அம்மா, பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். "காக்கா" என்று ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி எங்கே இருக்கிறது? கீழே சும்மா கிடக்கிறது. வேலை செய்வது பின்நாக்கு. இப்போது "தாத்தா" சொல்லுங்கள். நுனி எழும்பி மேல்பல்லைத் தொடுகிறது, இல்லையா? டங் டை என்பது நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு குட்டையாகவோ தடிப்பாகவோ இருந்து, நுனியைக் கீழே பிடித்துக்கொள்வது. அது கெடுப்பதாக இருந்தால் நுனியின் வேலையைத்தான் கெடுக்கும். உங்கள் பையன் நுனியால் சொல்ல வேண்டிய எழுத்தை ஒழுங்காகச் சொல்கிறான். நுனியே தேவைப்படாத 'க'வுக்கும் அதைத்தான் தூக்குகிறான். பின்நாக்கை எழுப்ப அவன் இன்னும் பழகவில்லை. சவ்வை அறுத்து அதைப் பழக்க முடியாது.

க, ங இரண்டும் நாக்கின் அடிப்பகுதியில், அதாவது பின்நாக்கில் பிறக்கும், ட, ண இரண்டும் நுனியில் பிறக்கும் என்று தொல்காப்பியம் பிறப்பியலில் இருக்கிறது. பள்ளியில் அதை அர்த்தம் புரியாமல் மனப்பாடம் செய்தேன். பேச்சுப் பயிற்சி படிக்க வந்த முதல் வருடம், பாடத்தில் அதே வரிசை வந்தபோது சிலிர்த்துப் போனேன். இந்தச் சானலை நீண்ட நாளாகப் பார்ப்பவர்களுக்கு இது தெரியும், திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பிள்ளை எந்த எழுத்தை எந்த எழுத்தாக மாற்றுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ப, ம உதட்டில் பிறப்பவை. க பின்நாக்கு. இவை குழறினால் நாக்கு நுனியைக் குறை சொல்ல முடியாது. ல, ர, ற, ட மாதிரி நுனி எழும்ப வேண்டிய எழுத்துகள் மட்டும் வரவில்லை என்றால்தான் சவ்வைச் சந்தேகிக்கலாம். அப்போதும் வயதைப் பார்க்க வேண்டும். ர, ற, ழ எல்லாம் கடைசியில் வரும் எழுத்துகள். 'ழ' வராததற்காக யாரும் கத்தியை எடுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் பெரியவர்களிலேயே எத்தனை பேர் வாளைப்பளம் என்கிறார்கள்!

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். மேல் உதட்டில் துளி ஜாம் தடவி நக்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்தபடியே மேல்பல்லின் பின்புறத்தை நாக்கால் தொடச் சொல்லுங்கள். தொட்டுவிட்டால் பேச்சுக்கு அந்த நாக்கு போதும். நீட்டும்போது நுனி நடுவில் பள்ளம் விழுந்து இதய வடிவத்தில் தெரிந்தாலும், அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

அறுக்கவே வேண்டாமா என்றால், வேண்டிய இடம் உண்டு. பச்சைக் குழந்தை மார்பைப் பிடிக்க முடியாமல் நழுவுகிறது, அம்மாவுக்குக் காம்பு புண்ணாகிறது, எடை ஏறவில்லை, பால் கொடுக்கும் முறையைத் திருத்தியும் பயனில்லை. அங்கே அந்தச் சிறு வெட்டு உதவும். ஆனால் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, தேவையில்லாமல் அறுப்பது கூடிவிட்டது என்று கவலைப்படுகிறது. பிற்காலத்தில் பேச்சு கெடாமலிருக்க முன்கூட்டியே அறுப்பதற்கும் ஆதாரம் இல்லை என்கிறது. பேச ஆரம்பிக்கத் தாமதமாவதற்கும் டங் டைக்கும் சம்பந்தமே இல்லை. ஒட்டிய நாக்கோடும் "அம்மா", "பூ" சொல்லலாமே! அப்புறம், பச்சைக் குழந்தைக்கு அது ஒரு நிமிட வேலை. மூன்றரை வயதுப் பிள்ளை அசையாமல் இருக்காது, பல நேரம் மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். பையனின் காதைச் சோதித்தீர்களா?

சில வருடங்களுக்கு முன் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்றை அழைத்து வந்தார்கள். நாக்குச் சவ்வை அறுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பேச்சில் மாற்றமில்லை. "கூப்பிட்டால் திரும்புகிறாளே, காது நன்றாகத்தான் இருக்கிறது" என்றார் அவள் பாட்டி. நான் பால், கால், வால் என்று மூன்று படங்களை மேசையில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரை, சொன்னதைச் சரியாகத் தொட்டாள். பிறகு ஒரு தாளால் என் வாயை மறைத்துக்கொண்டு "கால்" என்றேன். விரல் பாலுக்கும் வாலுக்கும் நடுவே நின்றது. என் கண்ணைப் பார்த்தாள். மெதுவாகக் கையை நீட்டி அந்தத் தாளைக் கீழே இறக்கப் பார்த்தாள். அவ்வளவு நாளும் அந்தக் குழந்தை உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொண்டிருந்தது. சோதனையில் தெரிந்தது: கீழ் சுரம் கேட்கிறது, க, ச, த பிறக்கும் மேல் சுரம் கேட்கவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள்தான். கேட்காத எழுத்தை எப்படிச் சொல்வாள்?

அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கினாலும் பேச்சு இப்படி மங்கும். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் பிறவியிலேயே கேட்புக் குறை வரும் வாய்ப்பு அதிகம். ஐந்து வயதுவரை பேசாத குமரகுருபரர் திருச்செந்தூரில் பாடினாரே, பொறுங்கள் என்று பாட்டிகள் சொல்வார்கள். அவர்கள் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். கோயிலுக்கும் போய் வாருங்கள். ஆனால் பிறவிக் கேட்புக் குறைக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட், அதாவது அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான். பொறுத்துப் பொறுத்து அந்த வயதைத் தாண்டிய பிள்ளைகளைப் பார்த்துவிட்டு நான் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

உங்கள் பையனுக்கு அப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. நிறையப் பேசுகிறான் என்கிறீர்கள், நல்ல அறிகுறி. காக்கா தாத்தாவாவது குழந்தைகளிடம் சகஜம், பெரும்பாலும் நான்கு வயதுக்குள் மாறிவிடும். ஆனால் வெளியாட்களுக்கு இரண்டு வயதில் பாதியும், மூன்றில் முக்காலும், நான்கில் அநேகமாக முழுவதும் புரிய வேண்டும். மூன்றரையில் யாருக்குமே புரியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்புச் சோதனை செய்யுங்கள். அங்கேயே பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

அதுவரை வீட்டில், "காக்கா சொல்லு, காக்கா சொல்லு" என்று விரட்டாதீர்கள். அவன் தாத்தா என்றால் "ஆமாம், காக்கா வந்திருக்கு. காக்கா சோறு தின்னுது" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே போங்கள். விளையாட்டாக மல்லாந்து படுக்கவைத்து, "க்க்க்" என்று இருமுவதுபோல் செய்து காட்டுங்கள். படுத்திருக்கும்போது நாக்கு தானாகப் பின்னால் சரியும், பின்நாக்கு எழும்ப வழி கிடைக்கும். இதைச் செய்ய உங்கள் அப்பாதான் சரியான ஆள். கொல்லையில் ஒரு பாயை விரித்துப் பேரனும் தாத்தாவும் படுத்துக்கொள்ளட்டும். கேட்புச் சோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள் அம்மா, காத்திருப்பேன்.