சாவித்துவாரத்தில் சொருகிய குச்சி

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. பேச்சில் விட்டுப்போன இரண்டொரு வரியையும் சேர்த்திருக்கிறேன்.)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்து, என் பேச்சில் பிழை பிடிக்கவென்றே ஆற்றுப்பாலம் தாண்டி வந்திருக்கும் என் ஆசிரியர் அவர்களே, நூலகர் தம்பி, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்ட பெரியவர்களே, இடம் கிடைக்காத தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்தீர்கள், அதற்குத் தனியாக ஒரு நன்றி. வீட்டில் பொன்னாடை வைக்க இடமில்லை.

'முதுமை நரம்பு நோய்களும் செல் ஏற்பிகளும்' என்று நோட்டீசில் போட்டிருக்கிறீர்கள். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று கை நடுக்கம், இரண்டு மறதி, மூன்று இப்போது நடக்கிற ஆராய்ச்சி. அதற்கு முன்னால், முப்பது வருஷம் மருந்துக்கடையில் நின்றவன் என்கிற உரிமையில் ஒரு பழமொழி: விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு. திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபப்படாதீர்கள்.

ஏற்பி என்றால் பெரும்பாலும் செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். கதவுக்குப் பூட்டு மாதிரி. சரியான வேதிப்பொருள் வந்து பொருந்தினால் உள்ளே வேலை தொடங்கும். இப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று லாங்லி என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி 1905இலேயே, கண்ணால் பார்க்காமல் சொல்லிவிட்டார். இதில் ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்ததற்குத்தான் லெஃப்கோவிட்ஸ், கோபில்கா என்கிற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2012இல் வேதியியல் நோபல். உடம்பு அசைவைச் சீராக வைக்க மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் வேதிப்பொருள் டோபமைன்; அதன் ஏற்பி அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

முதலாவது, கை நடுக்கம். கை நடுங்கி அசைவு மந்தமாகும் பார்கின்சன் நோயில் நடுமூளையில் டோபமைன் தயாரிக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. பூட்டு இருக்கிறது, சாவிக்குத்தான் பஞ்சம். டோபமைனையே கொடுக்கலாமே என்றால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் அதை விடமாட்டார்கள், காவல் அப்படி. அதனால் லெவோடோபா கொடுக்கிறோம், அது உள்ளே போய் டோபமைனாக மாறிக்கொள்கிறது. நம் பூனைக்காலி விதையில் இருப்பதும் அதே லெவோடோபாதான். நாளைக்கே பறிக்கக் கிளம்பிவிடாதீர்கள், எந்த விதையில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? பிராமிபெக்சோல் என்று ஒன்று உண்டு. அது கள்ளச்சாவி, நேரே பூட்டிலேயே போய்த் திருகும்.

சரி, இப்போது என் அத்தை கதை. கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய், மறுவீட்டுச் சொதியை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தவளுக்கு மறுநாள் தலைசுற்றல். டாக்டர் சின்னாரிசின் எழுதினார், ஒரு வாரத்துக்கு. ஒரு வாரம்! அத்தை அந்த அட்டையைக் காலி அல்வா டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, தீரத்தீர அதைக் காட்டி வாங்கி, மூன்று வருஷம் சாப்பிட்டிருக்கிறாள். சில தடவை வாங்கிக் கொடுத்தவன் யார்? நான்தான். சீட்டு எங்கே என்று ஒரு நாள் கேட்டிருப்பேனா?

முதலில் கோலம் சிறுத்தது. வாசலை அடைத்து இழை இழுத்தவள் தாம்பாளம் அகலத்துக்கு வந்துவிட்டாள். "மாவு விலை கூடிட்டா அத்தை?" என்று கேலி செய்தேன். அப்புறம் டபராவில் காபி ததும்ப ஆரம்பித்தது. "எய்யா, கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்கு" என்றாள். ஒரு இடத்தில் பார்கின்சன் என்று சொல்லி மேலும் இரண்டு மாத்திரை ஏற்றினார்கள், பெரிதாகப் பலன் இல்லை. கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டர் கையைப் பார்க்கவில்லை, "பையைக் கொட்டுங்கம்மா" என்றார். கொட்டினோம். அந்த அட்டையை எடுத்துத் தனியே வைத்தார்.

விஷயம் இதுதான். அத்தை மூளையில் டோபமைன் குறையவே இல்லை. தலைசுற்றல் மாத்திரை டோபமைன் ஏற்பியில் போய் உட்கார்ந்து வழியை மறித்திருக்கிறது. பூட்டும் சரி, சாவியும் சரி, துவாரத்தில் யாரோ குச்சியைச் சொருகிவிட்டார்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் நாள்பட்டால் இதே வேலையைச் செய்யும். அவர் சொன்னபடி நிறுத்தினோம், நாலைந்து மாதத்தில் கோலம் பழையபடி வாசலுக்கு வந்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு! ஆனால் ஐயா, சர்க்கரை, பிரஷர், லெவோடோபா மாத்திரைகளுக்கு இந்தப் பழமொழி செல்லாது. அதை நீங்களாக நிறுத்தினால் ஆபத்து.

இரண்டாவது, மறதி. அல்சைமர் என்கிற மறதி நோய்க்குக் கொடுக்கும் மெமன்டின், குளூட்டமேட் என்கிற மூளைச் செய்திப்பொருளின் ஒரு ஏற்பியில் அளவுக்கு மீறிய சத்தத்தைக் குறைக்கிறது. இன்னொரு மாத்திரையான டொனெபெசில் ஏற்பியைத் தொடாது, நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்கிற செய்திப்பொருள் சீக்கிரம் அழியாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டும் நோயைக் குணமாக்காது, கொஞ்சம் தாக்குப்பிடிக்க வைக்கும். வேடிக்கை என்னவென்றால், காலையில் டொனெபெசில் கொடுத்த அதே வீட்டில் ராத்திரி தும்மலுக்குக் குளோர்பெனிரமின் கொடுப்பார்கள். அது அசிட்டைல்கோலின் ஏற்பியை அடைக்கும், தாத்தாவுக்குத் தடுமாற்றம் கூடும். "வயசாயிட்டு" என்று விட்டுவிடுவோம்.

மூன்றாவதாக, ஆராய்ச்சி. அடினோசின் என்கிற இன்னொரு மூளை வேதிப்பொருளின் ஏற்பியைத் தடுக்கும் இஸ்ட்ராடெஃபிலின் பார்கின்சனுக்காக 2013இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. நம் காபியில் இருக்கும் காஃபீனும் அதே ஏற்பியைத்தான் தடுக்கிறது... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

நான் வந்ததே இதற்குத்தான். தாலுகா அரசு மருத்துவமனையில் மாதம் ஒரு நாள் முதியோர் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்க ஒரு டாக்டரும் ஒரு மருந்தாளுநரும் உட்கார வேண்டும். புது மெஷின் வேண்டாம், ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போதும். பேரூராட்சித் தலைவர் அம்மா, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். மனு வாசலில் இருக்கிறது. முதல் கையெழுத்து என் அத்தையுடையது, கோடு நடுங்காமல் போட்டிருக்கிறாள், போகும்போது பாருங்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது, இழுக்காதீர்கள்.