ரெண்டு தறிக்கு நடுவுல ஒரு பேட் சவுண்ட்

[கறுப்புத் திரை. விசைத்தறி ஓடும் சத்தம் மட்டும்.]

இது என் வீட்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கம். சேலம் அம்மாபேட்டை, ரெண்டு விசைத்தறி. கொஞ்ச நேரம் பொறுமையா கேளுங்க. முதல்ல ரெண்டும் சேந்து அடிக்குது. அப்புறம் ஒண்ணு லேசா முந்துது, ஒரு அடி ரெண்டு அடியா பிரியுது, பிரிஞ்சு போய் மறுபடி வந்து சேருது. ரெண்டும் ஒரே வேகம்தான்னு தறிக்கார அண்ணன் அடிச்சுச் சொல்வார். துளி வித்தியாசம் இருக்கு. அந்தத் துளிதான் இன்னைக்கு விஷயம்.

[திரையில்: வைட்டல் சின்தசைசர். ஒரே சா வேவ், ஒரு கார்ட்.]

பேட்னா பாட்டுக்குப் பின்னாடி நீளமா நிக்கிற கார்ட் சத்தம், அதாவது சில ஸ்வரம் ஒண்ணா சேந்து ஒலிக்கிறது. கச்சேரியில தம்புரா மாதிரி: யாரும் உத்துக் கேக்க மாட்டாங்க, நிறுத்தினா உடனே தெரியும். ஆனா தம்புரா ஒரு ஸ்வரத்துலயே நின்னாலும் உள்ளுக்குள்ள மினுங்கிட்டே இருக்கும். குதிரை மேல, கம்பிக்கு அடியில வைக்கிற சின்ன நூல் பண்ற வேலை அது. இப்ப நான் வாசிக்கிறதுல அந்த மினுக்கல் இல்ல. ஃப்ரிட்ஜ் ஓடுற மாதிரி இருக்கு, இல்லையா?

வைட்டல்ங்கிறது கம்ப்யூட்டர்ல சத்தத்தை உருவாக்குற சின்தசைசர், இலவசமாவே கிடைக்குது. மூணு ஆசிலேட்டர், அதாவது அலையைப் பிறப்பிக்கிற பகுதி; கூடவே சாம்பிள், அதாவது பதிவு பண்ணின சத்தம் போட ஒரு இடம். நமக்கு அது தாராளம்.

முதல் ரெண்டுலயும் சா வேவ், ரம்பப் பல் மாதிரி இருக்கிற அலை. அதுல எல்லா ஹார்மானிக்கும், அதாவது அடி ஸ்வரத்தோட மடங்குல வர்ற மேல் ஒலிகளும் இருக்கும், அதை வடிகட்டுற ஃபில்டர் வெச்சு செதுக்க நிறைய சதை கிடைக்கும். ஒண்ணை 4 சென்ட் மேல ஏத்துங்க, இன்னொண்ணை 4 சென்ட் கீழ இறக்குங்க. ஒரு அரை ஸ்வரம் 100 சென்ட்னா இது எவ்வளவு சின்னதுன்னு பாத்துக்குங்க. 220 ஹெர்ட்ஸ்ல அந்த 8 சென்ட் கிட்டத்தட்ட 1 ஹெர்ட்ஸ் வித்தியாசம். செகண்டுக்கு ஒரு தடவை ரெண்டும் சேந்து பிரியும். தறிதான்.

[அதே நோட், ரெண்டு ஸ்தாயி மேல.]

இங்க 880. அதே 8 சென்ட் இப்ப செகண்டுக்கு 4 தடவை அடிக்குது, நடுக்கமா கேக்குது. கீழ 55க்குப் போனா 4 செகண்டுக்கு ஒரு தடவை சத்தமே அமுங்கி அமுங்கி வருது. அதனால பேடை நடு ஸ்தாயியிலயே வெச்சுக்குங்க. அடியை பேஸ் கிட்டார் பாத்துக்கும்.

மூணாவது ஆசிலேட்டர்ல ட்ரையாங்கிள், அதாவது முக்கோண அலை, ஒரு ஸ்தாயி மேல. ஒத்தைப்படை ஹார்மானிக் மட்டும்தான், அதுவும் சீக்கிரமே தேஞ்சு போயிடும். அதனால சாதுவா இருக்கும்.

[திரையில்: என்வலப் வரைபடம்.]

இனி என்வலப், நேரம் போகப் போக சத்தம் எப்படி ஏறி இறங்கணும்னு சொல்ற கோடு. அட்டாக்னா ஏர்றது, டிகேனா கொஞ்சம் இறங்குறது, சஸ்டெய்ன்னா நிக்கிறது, ரிலீஸ்னா கீயை விட்டதும் அடங்குறது. 1965ல உசாசெவ்ஸ்கிங்கிற இசையமைப்பாளர் சின்தசைசர் செஞ்ச ராபர்ட் மூக் கிட்ட கேட்டு வாங்கின வடிவம், இன்னைக்கும் அதே நாலுதான்.

நிறையப் பேர் பண்ற தப்பு, ஒரே என்வலப்பை எல்லாத்துக்கும் கட்டி விடுறது. அப்ப மொத்தமும் ஒண்ணா வீங்கி ஒண்ணா அடங்கும். ஒவ்வொரு லேயருக்கும், அதாவது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின ஒவ்வொரு சத்தத்துக்கும், அதோட சொந்த நேரம் குடுங்க. மொத்த சத்தத்துக்கு அட்டாக் ஒண்ணரை செகண்ட். ட்ரையாங்கிளுக்குத் தனி என்வலப், 4 செகண்ட். ஃபில்டருக்கு இன்னொண்ணு, 400 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 3000 வரைக்கும் 6 செகண்ட்ல திறக்கட்டும். சா முதல்ல வரும், ட்ரையாங்கிள் பின்னால எட்டிப் பாக்கும், ஃபில்டர் திறந்து வர்ற பளிச்சுங்கிற மேல் ஒலி கடைசியா வரும்.

ஏத்தம் நேர்கோடா இருந்தா இன்னொரு வம்பு. பாதி நேரத்துலயே அளவு பாதிக்கு வந்துடும். காதுக்கு அது முழுச் சத்தத்தைவிட 6 டெசிபெல்தான் கம்மி, அதாவது ஏற்கெனவே வந்து உக்காந்தாச்சு. கோட்டை இழுத்து வளைங்க, முதல்ல மெதுவா, கடைசியில வேகமா. எவ்வளவுன்னு காதுதான் சொல்லணும்.

இதே செட்டிங்கை ஒரு குறும்படத்துக்குப் போட்டு நான் மூக்குடைபட்டேன். டெம்போ நிமிஷத்துக்கு 80 அட்சரம். நாலு அட்சரத்துக்கு ஒரு கார்ட், அதாவது 3 செகண்ட். என் ஃபில்டர் திறக்கவே 6 செகண்ட். படம் முழுக்க பேட் போர்வைக்குள்ள இருந்து பேசுச்சு! ரிலீஸும் அப்படித்தான்: 5 செகண்ட் வெச்சுட்டு எஃப் மேஜர்ல இருந்து ஈ மேஜருக்குப் போங்க, ஒவ்வொரு ஸ்வரமும் பக்கத்து ஸ்வரத்தோட மல்லுக்கட்டும். கார்ட் எத்தனை செகண்ட் நிக்குதுன்னு முதல்ல கணக்குப் போடுங்க. அப்புறம் என்வலப்பைத் தொடுங்க.

என்வலப் முடிஞ்சு சஸ்டெய்ன்ல நிக்கும்போது மறுபடி ஃப்ரிட்ஜ் ஆகாம இருக்க, மெதுவான எல்எஃப்ஓ ரெண்டு, அதாவது ஒரு அளவைத் தானா ஏத்தி இறக்கிட்டே இருக்கிற மெதுவான அலை. ஒண்ணு 7 செகண்ட் சுத்து, ஃபில்டருக்கு. இன்னொண்ணு 11, ட்ரையாங்கிள் அளவுக்கு. ரெண்டும் ஒரே இடத்துல மறுபடி சந்திக்க 77 செகண்ட் ஆகும். 5, 10னு வெச்சா 10 செகண்ட்லயே குட்டு வெளிப்பட்டுடும்.

[திரையில்: ஏற்காடு. சில்வர் ஓக் மரங்கள், காற்று.]

கடைசி லேயர் சின்தே இல்ல. போன ஞாயித்துக்கிழமை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், ஒரு காபித் தோட்டத்து ஓரமா போன்ல பிடிச்ச காத்து. 1987லயே ரோலண்ட் டி-50ங்கிற கீபோர்டு சின்தசைசர், சின்தசைஸ் பண்ணின சத்தத்தோட நிஜ ஒலித்துணுக்கை ஒட்ட வெச்சுடுச்சு, நாம புதுசா எதுவும் பண்ணல. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க, போன் மைக்குல காத்து மோதுற குமுறல் போயிடும். அளவு ரொம்பக் கம்மி. கேட்டா தெரியக் கூடாது, எடுத்தா தெரியணும்.

இப்ப மொத்தமா வாசிக்கிறேன்.

[40 செகண்ட் பேட். பேச்சு இல்லை.]

பின்னாடி தடக் தடக்னு ஒண்ணு கேட்டிருக்கும். அது லேயர் இல்லைங்க. அண்ணன் ராத்திரி ஷிஃப்ட் ஆரம்பிச்சுட்டார்.