சின்னக் கல்யாணம், தூரத்துக் கடற்கரை

நேயர்களுக்கு வணக்கம். முப்பது நாற்பது பேரை மட்டும் அழைத்துக்கொண்டு, எங்கேயோ ஒரு வெளியூரில் போய்க் கல்யாணம் செய்வதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கல்யாணங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுப்பதுதான் என் தொழில். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

சின்னக் கல்யாணம் என்றால் வேலையும் சின்னது என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். அப்படி இல்லை. சொந்த ஊரில் நாற்காலி பத்தாமல் போனால் யாராவது ஓடிப்போய்க் கொண்டுவருவார்கள். மாமாவுக்கு ஒரு எலக்ட்ரீஷியனைத் தெரியும், சித்திக்கு ஒரு டாக்டரைத் தெரியும். வெளியூரில் நமக்கு யாரைத் தெரியும்? வந்திருக்கும் நாற்பது பேரும் விருந்தாளிகள். அவர்களையே நாற்காலி தூக்கச் சொல்வது அழகில்லை. சொல்லிவிடுகிறோம், அது வேறு விஷயம்.

அதனால் இடத்தைத் தேடுவதற்கு முன்னால் யார் யார் வருகிறார்கள் என்று எழுதுங்கள். படத்தைப் பார்த்து இடத்தைப் பிடித்துவிட்டு, அப்புறம் ஆட்களை அதற்குள் திணிப்பவர்கள்தான் அதிகம். மூட்டுவலிக்கார அத்தை வருகிறாரா? கைக்குழந்தை வருகிறதா? இதய நோயாளி யாராவது உண்டா? 2,500 மீட்டருக்கு மேலே போனால் நல்ல உடம்புக்காரர்களுக்கே தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். மலை உச்சி வேண்டுமா வேண்டாமா என்று அந்தப் பெயர்களே சொல்லிவிடும். மறுபடியும் சொல்கிறேன்: முதலில் ஆட்கள், பிறகுதான் இடம்.

சரி, கடற்கரைக்கு வருவோம். பாதிப் பேர் கேட்பது அதைத்தான்.

ஒரு கல்யாணத்துக்கு நான் விருந்தாளியாகத்தான் போயிருந்தேன். கெட்டிக்கார ஜோடி. சரியாக ஒரு வாரம் முன்னால், மாலை ஐந்து மணிக்கு, அதே கடற்கரைக்குப் போய் மணலைக் காலடி வைத்து அளந்திருக்கிறார்கள். மேடை போட்டு, நாற்காலி போட்டு, நடுவில் நடந்து வர வழியும் விட்டால்கூட இடம் மிஞ்சும் என்று கணக்கு. கல்யாணத்தன்றும் மாலை ஐந்து மணி. மணலைக் காணோம்! முதல் வரிசைப் பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த அலைக்கு நாற்காலிக் கால் புதைந்து அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். மணப்பெண் உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏற, பின்னாலேயே நாங்கள் எல்லோரும் ஏறினோம்.

எப்படி இப்படி ஆனது? பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் இருப்பதும் சுமார் ஆறு மணி நேரம்தான். ஆக, ஒரு வாரம் முன்னால் அதே மணிக்குப் போனால், கல்யாணத்தன்று இருக்கப்போவதற்கு நேர் எதிரான கடலைப் பார்த்துவிட்டு வருவீர்கள்! இரண்டு வாரம் முன்னால் போயிருந்தால் ஓரளவு சரியாகத் தெரிந்திருக்கும். போதாக்குறைக்கு, நிலா அழகாக இருக்குமே என்று பௌர்ணமியாகப் பார்த்து நாள் குறித்திருந்தார்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டித்தான் கடல் மிக அதிகமாக ஏறும்.

இதில் ஜோசியம் ஒன்றும் இல்லை. எந்த நாளில் எத்தனை மணிக்குக் கடல் ஏறும் என்ற அட்டவணை மாதக்கணக்கில் முன்னாலேயே கிடைக்கிறது. மண்டபத்தில் நேரத்தை நாம் வைக்கலாம். கரையில் அட்டவணையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். காற்றும் அப்படித்தான். வெயில் நாட்களில் பிற்பகலில் கடற்காற்று வலுவாக வீசும். மைக்குக்குப் பஞ்சு உறை போடாவிட்டால் உறுதிமொழிக்குப் பதிலாக 'புஸ் புஸ்' என்ற சத்தம்தான் கேட்கும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். மழை வந்தால் எங்கே போவது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கூரை உள்ள ஓர் இடத்தையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள், அவ்வளவுதான். வேற்று நாடு என்றால் சட்டத்தையும் பாருங்கள். பிரான்ஸில் மணமக்களில் ஒருவரோ அவர்களின் பெற்றோரில் ஒருவரோ கல்யாணம் நடக்கும் ஊரில் வசிக்க வேண்டும், அல்லது குறைந்தது ஒரு மாதம் தொடர்ந்து தங்கியிருக்க வேண்டும். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனனும் அவர் மணக்கவிருந்த யோகோ ஓனோவுமே பாரிஸில் நினைத்தவுடன் மணக்க முடியாமல், 1969-இல் ஸ்பெயினை ஒட்டிய பிரிட்டிஷ் பகுதியான ஜிப்ரால்டருக்குப் போய் மணந்தார்கள். இந்த அலைச்சல் வேண்டாம் என்றால் சட்டப்படியான பதிவை உங்கள் ஊரிலேயே முடித்துவிட்டு, கொண்டாட்டத்தை மட்டும் அங்கே வையுங்கள். பயணச்சீட்டில் மணப்பெண்ணின் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்கட்டும், புதுப் பெயர் வேண்டாம். நன்றி, வணக்கம்.