பழைய லேப்டாப்பை வாங்கும் முன்: லினக்ஸில் ஒரு பரிசோதனை

வணக்கம் நேயர்களே. காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு என்று நம் பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பழைய லேப்டாப் வாங்கித் தருவது சகஜமாகிவிட்டது. "ஐ5 சார், 8 ஜிபி, புதுசு மாதிரி இருக்கு" என்பார் விற்பவர். அது உண்மைதானா என்று அங்கேயே, காசு செலவில்லாமல் பார்த்துவிடலாம். பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் போல ஒரு இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட். அதை எட்சர் என்ற செயலி கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். பென்டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும், ஜாக்கிரதை. லேப்டாப்பை ஆன் செய்ததும், டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 தட்டி, பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள், அதாவது துவக்குங்கள். 'இன்ஸ்டால்' ஐகானைத் தொடாதவரை லேப்டாப்பின் டிஸ்க்கில் எதுவும் கலையாது. கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலைத் திறந்து, கட்டளைகளைச் சிறிய எழுத்திலேயே அடியுங்கள்.

முதலில் எல்-எஸ்-சி-பி-யு. பிராசசரின் முழுப் பெயரை அந்தச் சில்லே சொல்லிவிடும். ஐ5 ஸ்டிக்கர் ஐ5-6300யு-விலும் இருக்கும், ஐ5-8250யு-விலும் இருக்கும். கோர் என்பது பிராசசருக்குள் கணக்குப் போடும் மூளை. முன்னதில் 2 கோர், பின்னதில் 4. 'சிபியு(எஸ்)' வரியில் 4 என்று பார்த்து நான்கு கோர் என்று நினைத்துவிடாதீர்கள். அது திரெட் கணக்கு, ஒரே கோர் இரண்டு திரெட்டாகத் தெரியலாம். 'கோர் பெர் சாக்கெட்' வரிதான் கோர்களைச் சொல்லும்.

ரேமுக்கு, சூடோ டி-எம்-ஐ-டிகோட் ஹைஃபன் டி மெமரி. எத்தனை ஸ்லாட், எதில் எவ்வளவு, எது காலி என்று வரும். 'ஃபார்ம் ஃபாக்டர்' வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ரேம் போர்டிலேயே பற்றவைத்தது, மாற்ற முடியாது. ஆனால் இந்தக் கருவி வன்பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. லேப்டாப்பைத் துவக்கும் உள் மென்பொருளான பயாஸ் எழுதி வைத்த அட்டவணையை அப்படியே வாசிக்கிறது, அவ்வளவுதான். அதில் தப்பும் தவறும் இருப்பது சாதாரணம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. அதனால் ஃப்ரீ ஹைஃபன் எச் அடித்து ஒத்துப் பாருங்கள். 8 ஜிபிக்கு 7.6 என்று வந்தால் ஏமாற்று அல்ல. உள்ளே இருக்கும் கிராபிக்ஸும் ஃபர்ம்வேரும் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன.

டிஸ்க்தான் முக்கியம். மற்ற பாகம் போனால் பணம்தான் நஷ்டம், இது போனால் பிள்ளையின் ப்ராஜெக்டும் போகும். இணையம் கிடைக்க ஃபோனை யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, சூடோ ஏபிடி அப்டேட், பிறகு சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஸ்மார்ட்மான்டூல்ஸ். அடுத்து, சூடோ ஸ்மார்ட்-சி-டி-எல் ஹைஃபன் ஏ, இடைவெளி, சாய்கோடு டெவ் சாய்கோடு எஸ்டிஏ. என்விஎம்இ என்ற வேகமான வகை டிஸ்க் என்றால் கடைசியில் எஸ்டிஏ-வுக்குப் பதில் என்விஎம்இ0.

மேலே 'பாஸ்ட்' என்று வந்ததும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். சாகப்போகிற டிஸ்க்கும் பாஸ் ஆகும். கீழே வரும் அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் ஓர் எண் இருக்கும். செக்டர் என்பது டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு. 5-ஆம் எண், மாற்றி ஒதுக்கிய செக்டர். 197-ஆம் எண், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர். இரண்டின் கடைசிக் கட்டத்திலும் 0 இருக்க வேண்டும். 197-இல் 0 இல்லையென்றால் அந்த டிஸ்க்கை மாற்றித் தரச் சொல்லுங்கள், பேரம் வேண்டாம். 199-ஆம் எண், தரவு போய்வரும்போது நேர்ந்த பிழைகள். அது கூடியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க் பழுதல்ல, கேபிளோ இணைப்போதான். அந்த எண் ஒருபோதும் குறையாது, கேபிளை மாற்றிய பின் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். 9-ஆம் எண் ஓடிய மணிநேரம். இரவு பகலாக ஓடினால் ஆண்டுக்கு 8760, அதை வைத்து எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கணக்கிடலாம். சீகேட் டிஸ்க்கில் அட்டவணையின் முதல் வரியில் பெரிய எண் வந்தால் பயம் வேண்டாம், அந்தக் கம்பெனி கணக்கு எழுதும் விதம் அப்படி.

என்விஎம்இ-யில் இந்த எண்கள் வராது. அங்கே 'பர்சென்டேஜ் யூஸ்டு', அதாவது ஆயுளில் எவ்வளவு சதவீதம் செலவானது என்று பாருங்கள். 100-ஐ நெருங்கினால் வேண்டாம்.

பேட்டரிக்கு, யு-பவர் ஹைஃபன் டி. 'எனர்ஜி ஃபுல் டிசைன்' 48 வாட் அவர், 'எனர்ஜி ஃபுல்' 24 என்றால் பாதி பேட்டரிதான் மிச்சம். விலையில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள். வைஃபைக்கு, எல்-எஸ்-பி-சி-ஐ ஹைஃபன் கே. நெட்வொர்க் கன்ட்ரோலருக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' வரி இல்லையென்றால் டிரைவர் ஏறவில்லை என்று பொருள். பிராட்காம் கார்டுகளில் இது அடிக்கடி நடக்கும்.

வேலூர் வெயிலுக்கு இன்னொன்று. வெப்பநிலையைக் காட்டும் எல்எம் ஹைஃபன் சென்சார்ஸையும் அதே ஏபிடி இன்ஸ்டால் கட்டளையால் நிறுவி, சென்சார்ஸ் என்று அடியுங்கள். ஒரு வீடியோவை ஓடவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். சும்மா வீடியோவுக்கே 90 டிகிரியைத் தொட்டால் உள்ளே தூசி அடைத்திருக்கலாம், பிராசசரின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஃபேன் நின்றிருக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வேண்டுவோருக்கு இன்க்ஸி என்ற கட்டளை. ஹைஃபன் போட்டு, பெரிய எஃப், சிறிய இசட். அந்த இசட் சீரியல் எண்ணையும் நெட்வொர்க் முகவரியையும் மறைத்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் போட்டு யோசனை கேட்பதாக இருந்தால் அதை விடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.