டிரைவ் இல்லாத கணினியில் பழைய சி.டி.

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டில் எங்காவது ஒரு மூலையில் சி.டி., டி.வி.டி. அடுக்கிய பெட்டி ஒன்று இருக்கும். அகராதி, மொழிப்பாடம், பிள்ளைகள் ஒரு காலத்தில் ஆடிய விளையாட்டு, ஸ்கேனரோடு வந்த, அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் சி.டி. தூக்கிப் போட மனம் வராது. போட்டுப் பார்க்கவும் வழியில்லை. இப்போது வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் சி.டி. டிரைவே கிடையாதே! அந்தப் பெட்டியில் இருப்பதை இன்றும் பயன்படுத்த முடியும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சி.டி.யில் உள்ளதை, கோப்புகள் மட்டுமல்ல, அவை அடுக்கப்பட்ட விதம், சி.டி.யின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். இதை இமேஜ் என்கிறோம். பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. கோப்பாக இருக்கும். அப்புறம் விர்ச்சுவல் டிரைவ் மென்பொருள், கணினியில் ஒரு சி.டி. டிரைவ் இருப்பதாகவே விண்டோஸிடம் சொல்லும். இமேஜை அதில் ஏற்றினால் 'சி', 'டி' போன்ற ஒரு புதிய டிரைவ் எழுத்தோடு உங்கள் சி.டி. திரையில் வந்து நிற்கும். வேகமும் கூடும். 52எக்ஸ் என்று எழுதிய சி.டி. டிரைவ்கூட நொடிக்கு 8 மெகாபைட்டைத் தொடாது. ஹார்ட் டிஸ்க் அதைவிடப் பல மடங்கு வேகமாகப் படிக்கும்.

'சி.டி.யில் இருப்பதை ஒரு போல்டரில் காப்பி செய்தால் போதாதா?' என்று பலர் கேட்கிறார்கள். புகைப்படங்கள், கட்டுரைகள் என்றால் போதும். நிரல்கள் என்றால் போதாது. ஏன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பழைய அகராதி சி.டி. ஒன்றை உயிராக வைத்திருந்தார். புதிய மடிக்கணினி வந்ததும் அதன் கோப்புகளை ஒரு போல்டரில் போட்டு, அங்கிருந்தே நிறுவினார். திறந்தால் 'சி.டி.யைப் போடவும்' என்கிறது! அந்த நிரல் தேடுவது போல்டரை அல்ல, சி.டி. டிரைவை. சரி என்று, அவருடைய பழைய மேசைக் கணினியில் சி.டி.யை இமேஜாக எடுத்தோம். மடிக்கணினியில் ஏற்றினோம். 'ஈ' டிரைவாக வந்தது. மறுபடி நிறுவினோம், அகராதி திறந்தது. ஐயா முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

சில நாட்களில் போன் வந்தது. "தம்பி, மறுபடியும் சி.டி. கேட்குதப்பா."

போய்ப் பார்த்தால், கணினியை அணைத்துப் போட்டதில் ஏற்றிய இமேஜ் இறங்கிவிட்டது. தனி மென்பொருள் இல்லாமல் விண்டோஸிலேயே ஏற்றிய இமேஜ், அடுத்த முறை கணினி தொடங்கும்போது நிற்காது. அதற்குள் ஐயா ஒரு பென்டிரைவையும் செருகியிருந்தார். 'ஈ' எழுத்தை அது எடுத்துக்கொண்டது. இமேஜைத் திரும்ப ஏற்றினால் 'எஃப்' என்று வருகிறது. நிரலோ நிறுவிய அன்று குறித்துக்கொண்ட 'ஈ'யில்தான் போய்த் தேடுகிறது. பழைய நிரல்களில் பாதி வழக்கு இந்த எழுத்து வழக்குதான்! கடைசியில் விர்ச்சுவல் குளோன்டிரைவ் என்ற இலவச மென்பொருளைப் போட்டோம். விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிரைவுக்கு 'வி' என்று எழுத்து கொடுத்தோம். பென்டிரைவ்கள் அவ்வளவு தூரம் வருவதில்லை. கடைசியாக ஏற்றிய இமேஜைத் தானாகத் திரும்ப ஏற்றும் வசதியும் அதில் இருக்கிறது. அகராதியை 'வி'யிலிருந்து புதிதாக நிறுவினோம். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

எல்லோருக்கும் தனி மென்பொருள் வேண்டுமா? வேண்டாம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஐ.எஸ்.ஓ. கோப்பை இருமுறை சொடுக்கினாலே ஏறிவிடும். வேலை முடிந்ததும் அந்த டிரைவின் மேல் வலது சொடுக்கு, எஜெக்ட். விண்டோஸ் 7இல் இந்த வசதி இல்லை.

இமேஜ் எடுக்க விண்டோஸில் வசதி இல்லை. இம்ஜ்பர்ன் போன்ற மென்பொருள் ஒன்று வேண்டும், சி.டி.யைப் படிக்கும் டிரைவும் வேண்டும். யு.எஸ்.பி.யில் செருகும் டிரைவானாலும் சரி, யாரிடமாவது உள்ள பழைய கணினியானாலும் சரி. அந்த டிரைவ் படிக்கும்போதே எடுத்துவிடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபிக்காதீர்கள்.

ஏனென்றால் சி.டி.க்குப் பின்பக்கம் பளபளப்பாக இருக்கிறதே, அதைத்தான் நாம் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறோம். உண்மையில் ஆபத்து மேல்பக்கத்தில். பெயர் அச்சிட்ட பக்கத்தில், மெல்லிய பூச்சுக்குக் கீழேதான் தகவல் அடுக்கு இருக்கிறது. பின்பக்கக் கீறலைப் பல சமயம் தேய்த்துச் சரிசெய்யலாம். மேல்பக்கம் ஆழமாகக் கீறினால் தகவலே உரிந்துபோகும். டி.வி.டி.யில் அந்த அடுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் தேவலாம். வீட்டில் எழுதிய சி.டி.க்களில் இருப்பது சாய அடுக்கு. வெயில் பட்டால் அது மங்கும். அதனால்தான் சொல்கிறேன், டிரைவ் படிக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

ஒரு நுணுக்கம். பழைய விளையாட்டுகள் சிலவற்றில் இசை, ஆடியோ சி.டி.யைப் போலத் தனித் தடங்களாக இருக்கும். ஐ.எஸ்.ஓ.வாக எடுத்தால் இசை விட்டுப்போகும். 'பின்', 'கியூ' என்ற ஜோடிக் கோப்புகளாக எடுக்க வேண்டும். அவற்றை விண்டோஸ் தானாக ஏற்றாது. டீமன் டூல்ஸ் போன்ற மென்பொருள்கள் ஏற்றும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நகல் எடுப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்ற பூட்டு போட்ட பழைய விளையாட்டுகள், இமேஜ் எடுத்தாலும் அசல் சி.டி.யைப் போட்டாலும், விண்டோஸ் 10இல் அப்படியே ஓடாது. அந்தப் பூட்டுக்கான டிரைவர் அதில் இல்லை. டி.வி.டி. இமேஜ் 4 ஜி.பி.க்கு மேல் போனால் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஏறாது. இலவச மென்பொருளை நிறுவும்போது, கூடவே வேறெதையாவது சேர்க்கும் கட்டங்களில் டிக்கை எடுத்துவிடுங்கள். முகம் தெரியாதவர் மின்னஞ்சலில் அனுப்பும் ஐ.எஸ்.ஓ.வைத் திறக்கவே வேண்டாம். இணையத்திலிருந்து வந்தது என்று விண்டோஸ் போடும் எச்சரிக்கை அடையாளம், ஐ.எஸ்.ஓ.வுக்கு உள்ளே இருக்கும் கோப்புகளுக்குப் போகாமல் இருந்தது. 2022 நவம்பரில்தான் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது. எடுத்த இமேஜை இன்னொரு ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி வையுங்கள். நன்றி, வணக்கம்.